மூணு வட்டம்

— லென்ஸ்ல கண்ணை வெச்சு அழுத்தாதீங்க அத்தான். லேசா பாருங்க.

— பார்த்துட்டேன் மாப்ளே. முட்டை நடுவுல மூணு வட்டம், சோப்பு நுரை மாதிரி. இதுக்கா மீட்டிங்ல இருந்த மனுஷனை லேபுக்கு இழுத்துட்டு வந்தே?

— ரெண்டுதான் இருக்கணும். அம்மாவோடது ஒண்ணு, அப்பாவோடது ஒண்ணு. இதுக்குள்ள ரெண்டு விந்தணு போயிருக்கு.

— நல்லதுதானே! ஒண்ணு வாங்கினா ஒண்ணு இலவசம்.

— வாயைக் கழுவுங்க. இது குழந்தையாகாது. கருப்பையில ஒட்டினாலும் ரெண்டு மூணு மாசத்துல கலைஞ்சிடும். சில பேருக்கு வெறும் கட்டியா வளரும்.

— நான் ஆஸ்பத்திரி நடத்தறவன்தான், டாக்டர் இல்ல. இருந்தாலும் கேக்கறேன். ஒண்ணு நுழைஞ்சதும் மத்ததுக்கெல்லாம் கதவு சாத்திடும்னு நீதானே நம்ம விளம்பரத்துல எழுதினே?

— சாத்தும். முதல் ஆள் உள்ள வந்ததுமே முட்டைத் தோலுக்கு அடியில இருக்கற பொடிப்பொடிப் பைங்க வெடிச்சு, மேலோடு இறுகிடும். அப்புறம் எவனும் ஒட்ட முடியாது. ஆனா அது புது முட்டைக்கு. இது நேத்து காலைல எட்டு மணிக்கு எடுத்து, சாயங்காலம் ஏழு வரைக்கும் காத்துக் கிடந்தது. கிழடு தட்டிடுச்சு. பை வெடிக்கறதுக்குள்ள ரெண்டாவதும் நுழைஞ்சாச்சு.

— ஏழு வரைக்கும் ஏன் வெச்சுக்கிட்டு இருந்தே?

— நீங்கதான் புதுக் கிளைத் திறப்புல மாலையும் கழுத்துமா நின்னீங்களே. உங்க விந்து சாம்பிள் வந்தப்புறம் அக்காவோட முட்டையையும் அந்த டீச்சரம்மா பேஷண்டோட முட்டையையும் ஒண்ணா முடி, கரைசலை ரெண்டு தடவை வீணாக்காதேன்னு போன்ல உத்தரவு போட்டீங்க.

— சரி, சரி, உடனே பழியைத் தூக்கிட்டு வந்துடு. இன்னொரு தட்டு எப்படி?

— அருமையா இருக்கு. ரெண்டே வட்டம்.

— அப்பாடா! பன்னண்டு வருஷம் ஏங்கினா உங்க அக்கா. ஒத்தை முட்டை கிடைச்சாலும் கெட்டி முட்டை. யாரு பொண்டாட்டி! அப்போ இது டீச்சரம்மாவோட பாடு.

— இதை என்ன பண்றது? அதைச் சொல்லுங்க.

— அந்தம்மாவுக்கும் ஒண்ணுதானே எடுத்தோம்? இல்லைன்னு சொன்னா அவ புருஷன் வாசல்ல நின்னு ஊரைக் கூட்டுவான். கிளை திறந்து ஒரு நாள் ஆகல, பேரு நாறிடும். இந்த வட்டமெல்லாம் எவ்வளவு நேரம் தெரியும்?

— சாயங்காலத்துக்குள்ள மறைஞ்சிடும். செல் பிரிய ஆரம்பிச்சா நல்லதுக்கும் இதுக்கும் வித்தியாசம் சொல்ல முடியாது.

— பின்னே என்ன? ரெண்டுன்னு எழுதிடு. டாக்டரம்மா நாளன்னிக்கு வந்து உள்ள வெச்சுட்டுப் போகட்டும்.

— தெரிஞ்சே ஒரு பொம்பளை வயித்துலயா? மனசு வரல அத்தான்.

— வரலேன்னா தண்ணி குடிச்சுட்டு எழுது. ரெண்டு மாசமாவது அம்மா அம்மான்னு சந்தோஷமா இருப்பா. அப்புறம் கலைஞ்சா அவ உடம்புவாகு. போன வருஷம் ஒருத்திக்கு இதே மாதிரி ரெண்டுன்னு எழுதினியே, வானமா இடிஞ்சுது?

— அந்தக் கட்டியை எடுக்க அவளுக்கு ரெண்டு ஆபரேஷன். இன்னிக்கும் சோத்துல கை வெச்சா எனக்கு அந்தத் தட்டுதான் தெரியுது. இந்தக் கையால எழுதினேனேன்னு கையைக் கழுவிக் கழுவித் தோலே உரியுது.

— கிளவுஸ் போட்டுக்கோ. இப்பப் பேனாவை எடு.

— எடுக்கறேன். தட்டுக்கு அடியில ஒட்டியிருக்கற பேரைப் படிங்க.

— எல்லாம் எறும்பு எழுத்து. நீயே படி.

— அக்கா பேரு.

— என்னடா சொல்றே?

— டீச்சரம்மாவோடதுதான் நல்லா இருக்கு.

— கதவைச் சாத்து... லென்ஸ்ல வேற யாரு பார்த்தா?

— நான் மட்டும்தான்.

— அப்போ கேளு. ரெண்டு தட்டுப் பேரையும் உரிச்சு மாத்தி ஒட்டு. பொறக்கற குழந்தைக்கு யாரு மூக்குன்னு எவன் அளந்து பார்க்கப் போறான்? உங்க அக்காவுக்கு நாம செய்யலேன்னா வேற யாருடா செய்வா?

— காலைல பார்த்ததுமே அக்காகிட்ட சொல்லிட்டேன் அத்தான். யாரோடதுன்னு சொல்லாம, என்ன பண்ணலாம்னு உங்களைக் கேட்டுட்டு வான்னு அனுப்பினதே அவதான்.