வழி விட்டவர்கள்

எனக்கு ஹாரன் அடிக்கவே பிடிக்காது. ஆம்புலன்ஸ் ஓட்டுகிறவன் இப்படிச் சொன்னால் சிரிப்பீர்கள். சைரன் வேறு, அது யாரையும் திட்டாது, வழி கேட்கும். ஜனங்களும் நல்லவர்கள், ஒதுங்கிக் கொடுத்துவிடுவார்கள். அதனால்தான் என் வண்டியில் ஏறிய யாரும் இதுவரை பாதி வழியில் செத்ததில்லை.

தங்கையைக் கடத்தினாயா என்று கேட்கிறீர்கள், இன்ஸ்பெக்டர். கூடப்பிறந்தவளை வீட்டுக்கு அழைத்துவந்ததற்குக் கடத்தல் என்று பெயர் வைத்தால் நான் என்ன சொல்வது? பொய் சொல்லி ஏற்றினாலே ஆள்கடத்தல்தான், அடைத்துவைக்கும் எண்ணமும் இருந்தால் ஏழு வருஷம் வரை போகும் என்று பொறுமையாக விளக்கினீர்கள். எண்ணம் இருந்தது. மாடி அறைக்கு வெளிப்பக்கம் தாழ்ப்பாள் வைத்தது நான்தான். அவள் மனம் மாறும்வரைதான் என்று நினைத்தேன்.

எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் தையல்காரனைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டாள். என் யூனிபாரத்தைத் தைத்துத் தந்தவன்தான். அளவுச்சட்டையைக் கொடுத்து அவளை அந்தக் கடைக்கு அனுப்பியதும் நான்தான், என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். அவள் போனதிலிருந்து அம்மா யாரிடமும் பேசவில்லை. வீட்டுக்கு ஒரே ஆண்பிள்ளை. சும்மா இருந்தால் கையாலாகாதவன், ஏதாவது செய்தால் குற்றவாளி. நான் எந்தப் பக்கம் போவது?

கடை வாசலில் வண்டியை நிறுத்தினேன். “அம்மாவுக்கு நெஞ்சுவலி. உன் பேரையே சொல்லிக்கிட்டிருக்காங்க” என்றேன். செருப்புகூடப் போடாமல் ஏறினாள். கைப்பையை வாங்கி முன்சீட்டில் வைத்துக்கொண்டேன். அதில் போன் இருந்தது. பின்கதவுக்கு உள்ளே கைப்பிடி கிடையாது. ஜன்னி கண்ட ஒருவர் ஓடுகிற வண்டியில் கதவைத் திறந்துவிட்டார், அப்போது கழற்றியது. இதற்காகக் கழற்றியதாக எழுதிவிடாதீர்கள்.

ஆஸ்பத்திரிக்குத் திரும்பாமல் நான் நேராகப் போனதும் அவளுக்குப் புரிந்துவிட்டது. நடுத்தடுப்பைத் தட்டிக் கத்தினாள். சைரனைப் போட்டேன். தையல்காரன் பைக்கில் துரத்திவந்தான். சிக்னலில் போலீஸ்காரர் அவனை ஓரங்கட்டிவிட்டு எனக்குக் கைகாட்டினார். உள்ளே ஓர் உயிர் போராடுகிறது என்று நினைத்திருப்பார், பாவம்.

எங்கள் தொழிலில் முதலில் சொல்லித் தருவது இதுதான்: பின்னால் கத்துகிறவரைப் பற்றிக் கவலைப்படாதே, அவருக்கு மூச்சு இருக்கிறது. சத்தம் அடங்கினால் உடனே நிறுத்திப் பார். புதிதாக வரும் டிரைவர்களுக்கு நானே இதைச் சொல்லித் தந்திருக்கிறேன்.

சின்ன வயதிலிருந்தே அவளுக்கு இழுப்பு உண்டு. எத்தனையோ முறை அவளை முதுகில் சுமந்துகொண்டு டாக்டர் வீட்டுக்கு ஓடியிருக்கிறேன். எனக்குப் பாசம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. தடுப்பில் இருக்கும் சின்ன ஜன்னல் வழியாக, “அண்ணா, பையைக் குடுண்ணா. மூச்சு விட முடியல” என்றாள். போனுக்காக நடிக்கிறாள் என்று நினைத்தேன். “வீட்டுக்குப் போனதும் தரேன். பேசாம வா” என்றேன்.

கொஞ்ச தூரத்தில் சத்தம் நின்றது. பிடிவாதக்காரி, கடைசியில் அண்ணன் பேச்சைக் கேட்டாளே என்று எனக்கு மனசு நிறைந்துபோனது. சைரனை அணைத்துவிட்டு மெதுவாகவே ஓட்டினேன்.

வீட்டு வாசலில் பின்கதவைத் திறந்ததும் என் மேல் சரிந்தாள். இன்ஹேலர் கைப்பையில் இருந்தது. ஆக்சிஜன் சிலிண்டர் அவள் தலைமாட்டிலேயே இருந்தது; அதைத் திறக்கும் சாவி, அவள் புருஷன் தைத்த என் சட்டைப்பையில். அத்தனை நாள் கழித்து அம்மா அன்றுதான் வாய் திறந்தாள். “அவளைக் கூட்டிட்டு வரச் சொல்லி உன்னை யாருடா கேட்டா?”

ஆமாம், கடத்தினேன். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஒன்றை மட்டும் சேர்த்துவிடுங்கள். நான் கதவைத் திறந்தபோது அவள் கை சூடாகத்தான் இருந்தது. அவள் உயிர் என் வண்டியில் போகவில்லை, வீட்டுக்கு வந்த பிறகுதான் போனது.