தம்பிக்குச் செய்து கொடுத்த கண்ணாடி

பிஸ்டல் சுடுகிறவர்களுக்குப் பரிசு வாங்குவது போலத் தலைவலி வேறு கிடையாது. எதைக் கொடுத்தாலும் அதில் ஒரு நொட்டை கண்டுபிடிப்பார்கள். துப்பாக்கி சுடும் சங்கத்தின் சார்பில் விசாரிக்கிற நீங்களே ஒரு காலத்தில் சுட்டவர்தான், உங்களுக்குத் தெரியாததா? நடந்ததை எழுதிக் கொடுக்கச் சொன்னீர்கள். பூசி மெழுகாமல் எழுதுகிறேன்.

என் தம்பி தேசிய அணித் தேர்வுக்கு முதல் தடவை போகவிருந்தபோது, "அவனுக்கு உன் கையால ஏதாவது வாங்கிக் குடுடா" என்றாள் அம்மா. நான் கண்ணாடிக் கடை வைத்திருப்பவன். ஆனாலும் நேரே கண்ணாடிக்குப் போய்விடவில்லை. மூன்று வாரம் யோசித்தேன். சத்தத்தை அடைக்கக் காதில் மாட்டுகிற உறையைப் பார்த்தேன்; பிடிக்காவிட்டால் வேறொன்று வாங்கிவிடுவான். ஷூவும் அப்படித்தான். கைக்கு ஏற்றபடி செதுக்கிய மரப்பிடி நல்ல பரிசு, ஆனால் அதை அவனே உப்புத்தாளால் தேய்த்துத் தேய்த்துத் தன் வசத்துக்குக் கொண்டுவந்துவிடுவான். எனக்கு அவன் கை வைக்காத பொருள் ஒன்று வேண்டியிருந்தது. பழுது என்றால் என்னிடம்தான் வந்தாக வேண்டும். கடைசியில் கண்ணாடியே செய்து கொடுத்தேன்.

சுடுகிறவர்கள் மாட்டுகிற கண்ணாடி தனி ரகம். கம்பிச் சட்டத்தில் ஒரு வட்ட வளையம், அதற்குள் வட்ட லென்ஸ், இறுக்க ஒரு குட்டித் திருகு. தம்பிக்குச் சிலிண்டர் பவர், அதாவது கோணம் பார்த்து மாட்ட வேண்டிய லென்ஸ். லென்ஸ் அதற்குரிய சாய்வில் உட்கார்ந்தால்தான் துப்பாக்கி நுனி அவனுக்குத் தெளிவாகத் தெரியும். திருகைத் தளர்த்தினால் லென்ஸ் சுற்றும். அதனால் லென்ஸ் ஓரத்தில் ஒரு வெள்ளைப் புள்ளி வைப்போம். வளையத்தில் உள்ள கோட்டுக்கு நேரே புள்ளி நின்றால் சரி. சுடுவதற்கு முன் தம்பி ஒவ்வொரு தடவையும் அந்தப் புள்ளியைத்தான் பார்ப்பான். அதை வைப்பவன் நான் என்பதால் மேற்கொண்டு எதையும் பார்க்க மாட்டான்.

காரணம் கேட்டீர்கள். வீட்டுக்கு யார் வந்தாலும் என் தோளில் கை போட்டு, "இவருதான் எங்கண்ணன். நான் சுடுவேன், இவரு தொடைப்பாரு" என்பான். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். பதினொரு வருடம் சிரித்தேன். காலையில் அவன் மூச்சுப் பயிற்சி செய்கிற நேரத்தில் நான் டம்ளரைக்கூடச் சத்தமில்லாமல் வைக்க வேண்டும். வைத்தேன். எனக்கு அவனைப் பிடிக்காது. சின்ன வயதிலிருந்தே பிடிக்காது. அதைச் சொல்ல எனக்குக் கூச்சமும் இல்லை.

ஒவ்வொரு தேர்வுக்கும் இரண்டு நாள் முன்பு, துடைத்துத் தருகிறேன் என்று கண்ணாடியை வாங்கிக்கொள்வேன். பழைய புள்ளியை அழித்துவிட்டு, லென்ஸைக் கொஞ்சம் திருப்பி, கோட்டுக்கு நேரே புதுப் புள்ளி வைப்பேன். பத்துப் பதினைந்து பாகைதான். பேராசைப்பட்டால் குட்டு வெளிப்பட்டுவிடும். அவன் தோற்று, தொங்கிய முகத்தோடு கடைக்கு வந்து, "நுனி ரெண்டா தெரிஞ்சுதுண்ணா" என்பான். கண்ணாடியை உள்ளே கொண்டுபோய்ப் பழையபடி சரிசெய்து எடுத்து வருவேன். அதைப் போட்டுக்கொண்டு, எட்டப் பிடித்த பொடி எழுத்துத் தாளை ஓர் எழுத்து பிசகாமல் படிப்பான்.

"கண்ணு நல்லாத்தான் இருக்கு. நீதான் பயப்படற" என்பேன். ஒருநாளும் குரல் உயர்த்திப் பேசியதில்லை.

இப்படி இரண்டு வருடத்தில் நாலு தேர்வு. டாக்டர் நரம்புத் தளர்ச்சி என்று மாத்திரை கொடுத்தார். தம்பி தன் வலது கையை வேறு யாருடைய கையோ போல உற்றுப் பார்க்க ஆரம்பித்தான். பெண் குழந்தை பிறந்து ஆறு மாதம் ஆகியும், நின்றபடி அவளைத் தூக்கியதில்லை. தரையில் உட்கார்ந்து, சுற்றிலும் தலையணை போட்ட பிறகுதான் மடியில் வாங்குவான். அவன் மனைவி என்னிடம் வந்து, "நீங்களாவது எடுத்துச் சொல்லுங்க மாமா, கை நல்லாத்தானே இருக்கு" என்று அழுதாள்.

"எதுக்கும்மா விஷப்பரீட்சை? கீழயே உக்காந்து வச்சுக்கட்டும்" என்றேன்.

நாலாவது தேர்வு முடிந்த கையோடு நீங்கள் கண்ணாடியை வாங்கி வேறு கடையில் அளந்து பார்த்துவிட்டீர்கள். அதை நான் எதிர்பார்க்கவில்லை. பதினாலு பாகை என்று உங்கள் கடிதத்தில் இருக்கிறது. அது சரிதான். நாலு தடவையும் செய்தவன் நானே. வேறு யாருக்கும் இதில் பங்கில்லை.

கடிதம் வந்த அன்றே தம்பியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கடையிலிருந்த இன்னொரு வளையத்தை எடுத்து, லென்ஸைத் திருப்பியும் காட்டினேன். அவன் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டான்.

"எனக்காகப் பழிய உன் தலையில போட்டுக்கிறியாண்ணா? என் கைதான் போச்சுன்னு எனக்குத் தெரியாதா?" என்று விம்மினான்.

நான் மறுத்துப் பேசவில்லை. ஆகையால் இந்தத் தாளை அவனிடம் காட்ட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். பாவம், நம்புவதற்கு அவனுக்கு என்னை விட்டால் யாரும் இல்லை.