நடுநிலை தவறாத கை

துறைமுக முகாமில் எனக்கு மிகவும் பிடித்தது அங்கே தரும் பால் விடாத பிளேன்டீதான், ஐயா. இஞ்சி தாராளமாகப் போடுவார்கள். அதைக் குடித்துக்கொண்டு கடலைப் பார்த்திருப்பதற்குச் சம்பளமும் தந்தார்கள்.

யுத்த காலம். தாக்க வரும் படகைத் தானே கண்டுபிடித்துத் தானே சுடும் புதுத் துவக்கு ஒன்றைத் துறைமுக வாசலில் பூட்டியிருந்தார்கள். மகா கெட்டிக்காரத் துவக்கு. ஆனாலும் பக்கத்தில் மனிதனுடைய மனச்சாட்சி ஒன்று இருக்கட்டும் என்று யாரோ பெரியவர்கள் ஆசைப்பட்டதால், அது சுடாமல் தடுக்கும் பொத்தானைத் தந்து என்னை ஒரு கதிரையில் இருத்தினார்கள். என் தங்கை வள்ளிநாயகியைப் பக்கத்து மீனவக் கிராமமான சல்லியில் கட்டிக்கொடுத்திருந்தோம். அந்தக் கரைப் படகுகள் எனக்குப் பார்த்தவுடன் தெரியும்.

எண்ணெய்த் தட்டுப்பாட்டில் சல்லிக்காரர் ஒரு எஞ்சின் படகின் பின்னால் நாலைந்து வள்ளங்களைக் கட்டி இழுத்துவருவார்கள். துவக்கின் கண்ணுக்கு அது தாக்குதல் அணி. இரண்டு தரம் தடுத்தேன். இரண்டு தரமும் அதிகாரி கூப்பிட்டு, மிகவும் மரியாதையாக, தமிழிலேயே, "உங்கட ஆக்களோ?" என்று கேட்டார். மூன்றாம் தரம் கேட்டால் நான் வீடு திரும்பமாட்டேன் என்று பயந்தேன். அன்றிலிருந்து நடுநிலையாக இருக்கத் தீர்மானித்தேன்.

தங்கையின் புருஷன் கதிரவேலுக்கும் சந்தேகம் இருந்தது.

"மச்சான், உங்கட துவக்கு எங்களைச் சுடாதுதானே?"

"நான் இருக்கிறன்தானே, பயப்படாதை."

அடுத்த தரம் வள்ளங்கள் நல்ல வெயிலில் வந்தன. எஞ்சின் படகில் கதிரவேல். எச்சரிக்கை மணி அடித்தது. அதிகாரி என் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றார். நான் பொத்தானைத் தொடவில்லை. இயந்திரத்தின் வேலையில் தலையிடுவது அழகில்லை, பாருங்கள்.

என் கெட்ட காலம், கதிரவேல் எஞ்சினை நிறுத்திவிட்டு எழுந்து தலைத்துண்டை வீசினான். நின்றுவிட்ட படகால் ஆபத்தில்லை என்று துவக்கு தானாகவே மனம் மாறிக் குழலைத் தாழ்த்திக்கொண்டது. அதிகாரி என் கையைத்தான் பார்த்தார். நான்தான் தடுத்தேன் என்று நினைக்கிறார் என எனக்குப் பட்டது.

கையால் சுடும் பிடியும் என் பக்கத்தில்தான் இருந்தது. படகிலும் வள்ளங்களிலும் ஒருவரும் மிஞ்சவில்லை.

தங்கை இன்றைக்கும் அந்தத் துவக்கைத்தான் மண் அள்ளித் தூற்றுகிறாள். அவள் மனம் ஆறட்டும் என்று நானும் சேர்ந்து தூற்றுகிறேன்.

இயந்திரம் பிழை விடும், ஐயா. அதனால்தான் பக்கத்தில் மனிதன் ஒருவன் இருக்கவேண்டும் என்கிறார்கள்.