இருபத்திரண்டு பல் சக்கரம்

— கியர் சைக்கிளு ஒம்பதாயிரமா? ஏன் அண்ணாச்சி, கப்பலையும் சேத்தா குடுக்கீய?

— அது புது வண்டியோட வெல. நான் சொன்னது பழசு. ஏதோ ஆபீசர் மவன் ஓட்டுன வண்டி. ஏழு கியரு. நாலாயிரத்தி ஐநூறுக்கு முடிச்சுத் தாரேன்.

— நாலாயிரத்தி ஐநூறு...

— கைல எவ்வளவு வச்சிருக்க?

— அறுநூறு.

— அறுநூறுக்கு அந்த வண்டில பெல்லும் ஸ்டாண்டும் வரும். இப்ப அத எடுத்துட்டுப் போ. மிச்ச வண்டிய மாசாமாசம் கொஞ்சங் கொஞ்சமா மாட்டிக்கிடுவோம்.

— கிண்டல் பண்ணாதீய அண்ணாச்சி. இந்த வண்டியையும் வச்சுக்கிட்டு...

— இதையா? ஏலே செபாஸ்டின், இத பழைய இரும்புக் கடைல போட்டா முன்னூறு தருவான். அவனும் ரெண்டு தடவ யோசிப்பான். ரிம்மு பூரா உப்பு தின்னுருக்கு பாரு.

— ஹார்பர் ரோட்டுல ஓடுற வண்டி பின்ன எப்பிடி இருக்கும்?

— யாருக்குல கியர் வண்டி? ஒனக்கா?

— எனக்கு எதுக்கு? மச்சினனுக்கு.

— எந்த மச்சினன்? புல்லட்டுல பட்டு பட்டுன்னு போவானே, அவனா?

— ...அவனுக்கு ஒடம்பு கூடிப் போச்சாம். எளைக்கணுங்கான்.

— எளைக்கவனுக்கு எதுக்குல கியரு? முக்கி மிதிச்சாத்தான எளைக்கும்?

— அத விடுங்க. கியர் வேண்டாம். இந்த வண்டியவே லேசா மிதிக்க மாதிரி ஆக்க முடியாதா? பின்னால பல்லுச் சக்கரம் மாத்துவாவளாமே.

— யாரு சொன்னா?

— பேசிக்கிடுதாவ.

— என்னன்னு பேசிக்கிடுதாவ?

— இப்ப பதினெட்டுப் பல்லு கெடக்காம். இருவத்திரெண்டு பல்லு போட்டா மேட்டுல ஏத்த லேசாம். வேகம் கொறையும், பெடல் கூடச் சுத்தணும்... ஆனா மூச்சு... காலு வலிக்காதுன்னு சொன்னாவ.

— மூச்சுன்ன.

— காலுன்னேன்.

— என் காது நல்லாத்தான் இருக்கு. மூச்சுன்ன.

— ...இருவத்திரெண்டு இருக்கா இல்லியா?

— சரக்கு இல்ல.

— ஒங்க தலைக்கு மேல தொங்குதே.

— அது பதினெட்டு.

— எண்ணிட்டேன் அண்ணாச்சி. இருவத்திரெண்டு.

— வந்து நின்ன நேரத்துக்குள்ள பல்லெல்லாம் எண்ணிட்டியா? அது வேற ஆளுக்கு எடுத்து வச்சது.

— யாருக்கு?

— ஒரு ஆளுக்கு.

— கடைல ஈ காக்கா இல்ல. வந்த யாவாரத்த வேண்டாங்கீய.

— ஞாயித்துக்கெழமைல்லா. நீ ஏன் ஞாயித்துக்கெழம பாத்து வந்த? தெனமும் இந்த வழியாத்தான போற?

— பூசைக்கு வந்தேன். அப்பிடியே...

— மேஸ்திரி இன்னைக்கு டீக்கடைல இருக்க மாட்டான். அதான? சரி. இந்தா பம்பு. முன் வீல்ல காத்தில்ல. அடி.

— பொறவு அடிச்சுக்கிடுதேன்.

— இப்ப அடில. முப்பது அடி. நான் எண்ணுதேன்.

— என்ன அண்ணாச்சி இது, பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்குச் சொல்லுத மாதிரி...

— அடி. ஒண்ணு... ரெண்டு... மூணு... ம், நிறுத்தாத... ஆறு... ஏழு...

— ...இருங்க.

— எட்டு.

— ஒரு நிமிசம்... ஒரு நிமிசம்...

— பம்ப விடு. அந்த ஸ்டூல்ல உக்காரு. தண்ணி குடி. பேசாத.

— ...

— மெதுவா விடு மூச்ச.

— ...இப்ப செரியாப் போச்சு.

— எத்தன நாளா?

— கிறிஸ்மஸ்ல இருந்து. எதுக்காத்து கூடுதலா அடிக்கு, அதான் இப்பிடின்னு மொதல்ல நெனச்சேன். காத்து விட்டுப் போச்சு, இது போவல. பாதிப் பாலம் ஏறுனா நெஞ்சுக்குள்ள சாக்க அடைச்ச மாதிரி இருக்கு. நேத்து துப்புனேன். கரியா விழுது.

— பத்துப் பாகம் ஆழத்துல மூச்சப் புடிச்சு சங்கு எடுத்தவம்ல நீ.

— அது அந்த நெஞ்சு. இது ஒம்பது வருசம் நெலக்கரி தின்ன நெஞ்சு.

— எறங்கித் தள்ளிட்டுப் போவ வேண்டியதுதான?

— ஒண்ணும் தெரியாத மாதிரி கேக்கீய. பாலம் எறங்குற எடத்துல டீக்கடை. மேஸ்திரி நாக்காலியப் போட்டு பாலத்தப் பாத்துத்தான் உக்காந்திருக்கான். மிதிச்சு வாரவனுக்கு அன்னைக்கு வேலைக்கு டோக்கன். தள்ளிட்டு வாரவனுக்கு ‘நாளைக்குப் பாப்போம்.’ அவன் சொல்லுத நாளைக்கு என்னைக்கு வந்திருக்கு?

— முந்தி ஒரு பய கப்பலுக்குள்ள கரி அள்ளும்போது மூச்சு முட்டி விழுந்து செத்தாம்லா. அதுல இருந்துதான் இந்தக் கூத்து. அவன் வீட்டுக்காரிக்கு துட்டு குடுக்க வேண்டி வந்துட்டு காண்ட்ராக்டருக்கு.

— எல்லாரையும் எக்ஸ்ரே எடுத்துப் பாத்தா செலவு. பாலம் சும்மாதான கெடக்கு.

— பஸ்ல போயேம்ல.

— மொத பஸ் ஆறு மணிக்கு. அஞ்சரைக்கு டோக்கன் முடிஞ்சிருது.

— வாச்மேன் வேல கேளு.

— கேட்டேன். ஆள் இருக்காம். மூத்தவ நர்சிங் ரெண்டாம் வருசம் அண்ணாச்சி. இன்னும் ரெண்டு வருசம் நான் இந்தப் பாலத்துல ஏறுனாப் போதும். பொறவு விழுந்தாலும் கவல இல்ல.

— அப்பிடிப் பேசாத.

— அந்தச் சக்கரத்த எடுங்க.

— வேண்டாம்ல.

— ஏன்?

— இங்கன மாட்டாத. டவுனுக்குள்ள எத்தன கடை கெடக்கு, அங்கன போயி மாட்டிக்கோ. நான் வேணா நூறு ரூவா தாரேன்.

— நீங்க எனக்குத் துட்டு தாரீயளா? எதுக்கு?

— கேள்வி கேக்காம போ.

— டவுன்ல மாட்டுனா மட்டும் ஒங்க கண்ணுக்குத் தப்பிருமா? தெனம் காலைல ஒங்க கடையத் தாண்டித்தான் போவணும். சங்கிலி ஓடுற சத்தத்துலயே கண்டுபிடிச்சிருவீய. அதான் நேரா ஒங்ககிட்டயே வந்துட்டேன்.

— என்னல சொல்லுத?

— நீங்க மேஸ்திரிகிட்ட பேரு சொல்லுதீய. யாரு யாருக்குப் பல்லு மாத்துனீயன்னு.

— ...எவன் சொன்னான்?

— பாலத்துல ஏறுத எல்லாவனுக்கும் தெரியும்.

— தெரிஞ்சுமா எங்கிட்ட வந்து காத்துப் புடிக்கீய? அண்ணாச்சி அண்ணாச்சின்னு சிரிக்கீய?

— காலைல நாலரைக்கு வேற யாரு கடை தொறக்கா? சொல்லுங்க அண்ணாச்சி. நான் சண்டைக்கு வரல.

— என் கடைத் தகரம் எந்தச் செவுத்துல சாஞ்சு நிக்கி தெரியுமா? காண்ட்ராக்டர் கோடவுன் செவுரு. பதினாறு வருசமா வாடகை கெடையாது. ஒருநா மேஸ்திரி வந்தான். ‘முந்தி தள்ளிட்டு வந்தவனெல்லாம் இப்ப ஏறி வாரானே, என்ன மாயம்வே பண்ணுதீரு’ன்னு சிரிச்சுக்கிட்டே கேட்டான். நான் ஒரு மடையன். என் வேலையப் பாராட்டுதான்னு நெனச்சு பெருமையாச் சொல்லிட்டேன். சக்கரத்த எடுத்துக் காட்டி வெளக்கமாவே சொன்னேம்ல. எல்லாத்தையும் கேட்டுட்டு, ‘அப்ப யாராருக்கு மாத்துனீருன்னு இனிமே எனக்குச் சொல்லிரும்’னான். செவுத்தத் தட்டிக்கிட்டே சொன்னான்.

— எத்தன பேரச் சொன்னீய?

— மூணு பேரு.

— எங்கூட சங்கெடுத்த கஸ்பாரையும் சேத்து நாலா?

— மூணு. கஸ்பாரச் சொல்லல. நீயும் நம்ப மாட்ட. ஒருத்தரும் நம்ப மாட்டாவ. மத்த மூணு பேரும் ஒன்ன மாதிரித்தான் மச்சினனுக்கு, மருமவனுக்குன்னு கத சொன்னானுவ. கஸ்பார் மட்டும் வந்து, நீ இருக்க இதே ஸ்டூல்ல உக்காந்து, ‘எனக்கு மூச்சில்ல அண்ணாச்சி, மேஸ்திரிக்குத் தெரியாமப் பாத்துக்கிடுங்க’ன்னான். அப்பிடிச் சொன்னவன எப்பிடில காட்டிக் குடுக்க? செயின் கவர் ஒண்ணு ஓசியாவே போட்டு, பல்லு வெளிய தெரியாம மறச்சுக் குடுத்தேன். ஒம்பது நாள் ஏறுனான். போவும்போது எனக்கு பெல்லடிச்சுட்டுப் போவான். பத்தாவது நாள் மேஸ்திரி அவனுக்கு டோக்கன் இல்லன்னுட்டான்.

— ...தெரியும்.

— இருந்திருந்து அந்த வயசுல சங்கு எடுக்குத போட்டுல முங்கப் போனான். வாயில குழாயக் குடுத்து, மேல மிசின்ல காத்து விட்டு எறக்குத போட்டு. அவன் நெஞ்சு இருக்க இருப்புக்கு அது தாங்குமா? மேல வரும்போது...

— தெரியும் அண்ணாச்சி! அவனக் கரைக்குத் தூக்கிட்டு வந்தது நானு.

— ம்.

— வாயில, மூக்குல எல்லாம் ரத்தம்.

— அவன் பொண்டாட்டி சலேத் இந்தப் பக்கம் போவும்போதெல்லாம் வாசல்ல காறித் துப்பிட்டுப் போறா. நான் ஒரு வார்த்த பேசுததில்ல. ஒரு கொடம் தண்ணி ஊத்திக் கழுவி விடுதேன். மூணு குடும்பத்துக்குப் பாவம் பண்ணுனவன்தான, துப்பட்டும். ஆனா அவ கஸ்பாருக்காவல்லா துப்புதா. அதத்தான் தாங்க முடியல.

— சக்கரத்த மாட்டி விடுவியளா?

— நான் என்ன சொல்லிட்டு இருக்கேன், நீ...

— நாளைக் காலைல நான் பாலத்துல ஏறணும்.

— ...வண்டியத் தலகீழாக் கவுத்துப் போடு. இரு, நீ தூக்காத. நானே போடுதேன்.

— சொல்ல மாட்டியளே?

— கஸ்பார் செத்ததுக்குப் பொறவு ஒருத்தன் பேரும் சொல்லல. கேட்டா, எவனும் வரல, எல்லாவனும் கறி தின்னு தேறிட்டானுவங்கேன். மொறைக்கான்.

— செவுரு?

— தகரத்தப் பிச்சா பிச்சுட்டுப் போறான். வேற மரத்தடி பாப்பேன். அந்தப் பெரிய ஸ்பானர எடு.

— இந்தாங்க, அறுநூறு.

— உள்ள வைல. மூத்தவ பீசுக்கு ஆவும். சங்கிலிக்கு ரெண்டு கண்ணி கூடச் சேக்கணும், அதும் கெடக்கு. பழைய கவர் ஒண்ணு இருக்கு, அடிச்சு நிமுத்திப் போட்டா ஒரு பயலுக்கும் தெரியாது. வீலக் கெட்டியாப் புடி. ...ஏன் விட்டுட்ட?

— ஒண்ணுமில்ல.

— மறுபடி மூச்சா?

— இல்ல. நீங்க கழத்துங்க.

— துட்டு வேண்டாம். ஆனா எனக்கு ஒரு உதவி செய்யணும்.

— என்ன?

— சலேத்கிட்ட போயிச் சொல்லு. இந்த முத்துமணி சொல்லலன்னு. அது போதும்.

— ...நானா?

— நான் போனா வெளக்கமாறத்தான் எடுப்பா. நீ அவ பிள்ளைக்கு ஞானத்தகப்பன். கஸ்பாரும் நீயும் ஒரே கயத்துல கடல்ல எறங்குனவிய. நீ சொன்னா நம்புவா.

— அப்ப யாருன்னு கேப்பா.

— தெரியாதுன்னு சொல்லு.

— விட மாட்டா அண்ணாச்சி. யாரு யாருன்னுதான் இன்னமும் அழுதுட்டு இருக்கா.

— யோசிச்சுப் பாரு. கவருக்குள்ள இருந்த பல்லு வெளிய தெரியாது. நானும் சொல்லல. கஸ்பார் யாரையோ நம்பி வாயால சொல்லிருக்கான். அந்தப் பாவிதான் போயி ஓதியிருக்கணும். அவன் வெளங்குவானால? சலேத் அந்த நாயத் தேடிப் பிடிச்சுத் துப்பட்டும். என் வாசல விட்டுரட்டும். ...என்னல, போயிச் சொல்லுவியா? மாதா மேல ஆணையாச் சொல்லு. இன்னைக்கே போவியா?

— அந்த ஸ்பானரக் கீழ வைங்க அண்ணாச்சி.

— ஏன்? பாதி கழத்திட்டேன்.

— மாட்ட வேண்டாம்.

— என்னல ஆச்சு ஒனக்கு?

— கஸ்பாருக்கு டோக்கன் இல்லன்ன அன்னைக்கு நானும் பாலத்துல எறங்கித் தள்ளிட்டுத்தான் வந்தேன். மேஸ்திரி எனக்குத்தான் ‘நாளைக்குப் பாப்போம்’னான். நாந்தான் அவன் பக்கத்துல போயிக் குனிஞ்சு, கஸ்பார் பல்லு மாத்தித்தான் ஏறுதான்னு சொன்னேன்... ஒடனே ஒரு டோக்கன எடுத்து என் கைல குடுத்துட்டான்.