கைவிடத்தக்க கொதிகலன்

குளிர்காலத்தில் காலை எட்டு மணி வகுப்பை எங்கள் துறையில் யாரும் விரும்பிக் கேட்பதில்லை. நான் கேட்டு வாங்கிக்கொள்வேன். கனடாவில் எங்கள் வின்னிபெக் நகரத்தின் இருட்டில் பனியை உதறிவிட்டு வந்து அமரும் மாணவர்களிடம் வீண்பேச்சு இருக்காது. பாடம் நேராக நடக்கும். நீங்களும் அப்படியே இருப்பீர்கள் என்று நம்புகிறேன், சார்ஜென்ட். வரிசையாகச் சொல்கிறேன். கேள்விகளை இறுதியில் கேளுங்கள்.

என் பெயர் வெர்னா தீசன். பல்கலைக்கழகத்தின் வணிகவியல் துறையில் நிறுவன நிதியியல் கற்பிக்கிறேன். ஒரு நிறுவனம் தன் பணத்தையும் நேரத்தையும் எதில் இட வேண்டும், எதை எப்போது கைவிட வேண்டும் என்பதே என் பாடம். அதற்கென நான் எழுதிய நூல் மூன்று பதிப்புகள் கண்டது. நான்காம் பதிப்பு பாதியில் நின்றுபோயிருந்தது. நின்றதற்குக் காரணம் என் அக்கா ஃப்ரீடா.

அக்காவின் சிறுநீரகங்கள் இரண்டும் செயலிழந்துவிட்டன. வாரத்தில் மூன்று நாள் நான் அவளை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டும். இரத்தத்தைச் சுத்திகரிக்கும் இயந்திரத்தின் பக்கத்தில் நான்கு மணி நேரம் உட்கார்ந்திருந்து, திரும்ப அழைத்து வர வேண்டும். கையில் ஊசியோடு கிடக்கும்போதும் அங்குள்ள நர்சுகளிடம் அவர்களுடைய குழந்தைகளின் பல்வலி வரை விசாரிப்பாள். எல்லோருக்கும் அவளைப் பிடிக்கும். எனக்கும் பிடிக்கும். இதைப் பதிவில் தவறாமல் சேர்த்துக்கொள்ளுங்கள்.

எங்கள் பாடத்தில் ஒரு வழக்கம் உண்டு. நடந்துகொண்டிருக்கும் ஒரு நிறுவனத்தின் சிக்கலை எடுத்து, பெயரையும் தொழிலையும் மாற்றி, வகுப்பின் முன் வைப்போம். மாணவர்கள் வாதிட்டு முடிவெடுப்பார்கள். உண்மையான பெயர் ஆசிரியருக்கு மட்டுமே தெரியும். பெயர் தெரியாதபோது மனிதர்கள் தெளிவாகச் சிந்திக்கிறார்கள். வழக்கத்தின் பயன் அதுதான்.

நவம்பரில் ஒரு சலவை நிலையத்தை வகுப்பின் முன் வைத்தேன். அங்கே பழைய கொதிகலன் ஒன்று இருக்கிறது. வாரத்தில் மூன்று முறை, ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம், அதைக் கழுவ வேண்டும். உரிமையாளர் உடன் இருந்தே ஆக வேண்டும். அந்த நேரம் மிஞ்சினால் அவரால் வேறொரு நல்ல பணியை முடிக்க முடியும். கொதிகலனை வைத்துக்கொள்வதா, நிறுத்திவிடுவதா?

முதல் வரிசையில் டானர் என்றொரு ஹாக்கி வீரன். “மேடம், பாய்லருக்கு ஒரு கேக் வெட்டி, கை குலுக்கி, வீட்டுக்கு அனுப்பிடலாம்,” என்றான். வகுப்பு சிரித்தது.

“ஆரம்ப காலத்தில் நிறுவனத்தையே தூக்கி நிறுத்தியது இந்தக் கொதிகலன்தான். அதைக் கணக்கில் சேர்க்கலாமா?” என்று கேட்டேன்.

“சேர்க்கக் கூடாது மேடம். அது எப்பவோ போன செலவு. போனது போனதுதான்.”

சரியான விடை. திரும்பி வராத செலவு இன்றைய முடிவைத் தொடக் கூடாது என்பது என் நூலின் ஆறாம் அத்தியாயம். அக்கா கோழி வெட்டும் ஆலையில் இருபது ஆண்டுகள் ஈரத்தில் நின்றுதான் என்னை முனைவர் பட்டம் வரை படிக்க வைத்தாள். விரல்கள் அப்போதே கோணிவிட்டன. அதை நான் மறந்தேன் என்று யாரும் சொல்ல முடியாது. மறப்பது வேறு, கணக்கில் சேர்க்காதிருப்பது வேறு.

ஒருவரைத் தவிர அனைவரும் நிறுத்திவிடலாம் என்று கை தூக்கினார்கள். அந்த ஒருவர் மரிவிக் தலிசாய். நர்சாக வேலை பார்த்துக்கொண்டே பட்டம் படிக்கும் பிலிப்பினோப் பெண்; நாற்பதைத் தாண்டியவர். வகுப்பு கலைந்தபின் என் மேசையருகே வந்து நின்றார்.

“மேடம், வாரத்துக்கு மூணு தடவ, நாலு நாலு மணி நேரம். எந்தப் பாய்லர இப்படிக் கழுவுறாங்க?”

“பெயரும் தொழிலும் மாற்றப்பட்டவை. உங்களுக்கே தெரியும்.”

“அதான் கேக்குறேன். இது யாரு?”

நான் என் தாள்களை அடுக்கிக்கொண்டிருந்தேன். அவர் நகரவில்லை.

“சரி, விடுங்க. மாத்திப் போட ஒரு பாகம் கெடைக்குமான்னு அந்த ஓனர் தேடிப் பாத்தாரா? அதுவரைக்கும் காத்திருக்கலாமே.”

“தரப்படாத தகவலைக் கற்பனை செய்யக் கூடாது, மரிவிக்.”

எழுத்துத் தேர்விலும் அதையே எழுதியிருந்தார். வகுப்பிலேயே குறைந்த மதிப்பெண் அவருக்குத்தான்.

ஜனவரியில் குளிர் பூஜ்யத்துக்கும் கீழே நாற்பது டிகிரிக்கு இறங்கியபோது முடிவைச் செயல்படுத்தினேன். சிகிச்சையை நிறுத்திக்கொள்ள நோயாளிக்கு உரிமை உண்டு. மருத்துவமனைக்குத் தொலைபேசியில் சொன்னேன். அக்காவின் வாயாலேயே கேட்க வேண்டும் என்றார்கள், நியாயமான நடைமுறை. தொலைபேசியில் எங்கள் இருவர் குரலையும் எங்கள் தாயே பிரித்தறிந்ததில்லை. “போதும் டாக்டர், எனக்கு அலுத்துப்போச்சு. தங்கச்சி பக்கத்துல இருக்கா,” என்று அவள் பேசுவதுபோலவே பேசினேன். வீட்டுக்கு நர்சை அனுப்பட்டுமா என்று கேட்டார்கள். வேண்டாமென்று மறுத்துவிட்டேன்.

அக்காவிடம், புயலால் பாதை அடைபட்டிருக்கிறது, அவர்களே கூப்பிடுவார்கள் என்றேன். அவள் நம்பினாள். நான் பொய் சொல்லி அவள் கண்டுபிடித்ததில்லை.

“இன்னிக்காவது போறோமாடி?” என்று ஒவ்வொரு காலையும் கேட்டாள்.

“இன்னும் கூப்பிடவில்லை அக்கா.”

“பாவம், அந்த நர்ஸ் பொண்ணுங்க. இந்தப் பனியில எப்படி வீட்டுக்குப் போறாங்களோ. நீ போய் எழுது. எனக்காக உக்காந்திருக்காத.”

கால்கள் வீங்கின. பிறகு மூச்சு வாங்கியது. முதுகுக்கு நான்கு தலையணை வைத்தேன். முட்டைக்கோஸ் சூப் வைத்துக் கொடுத்தேன். இரண்டு கரண்டிக்குமேல் இறங்கவில்லை. இரண்டாம் வாரத்தில் என்னை எங்கள் தாய் என்று எண்ணிக்கொண்டு, “வெர்னா படிக்கிறா, சத்தம் போடாதீங்கம்மா,” என்றாள். அதன்பின் பேச்சில்லை. நான் அடுத்த அறையில் இருந்தேன். ஒன்பதாம் அத்தியாயம் அந்த வாரம்தான் முடிந்தது, நன்றாக வந்திருக்கிறது.

செய்தித்தாளில் இரங்கல் அறிவிப்பை நானே எழுதிக் கொடுத்தேன். சிறுநீரக நோயோடு நெடுநாள் பொறுமையாக வாழ்ந்தவள் என்று அதில் இருந்தது. மரிவிக் அதைப் படித்துவிட்டு நேராக உங்களிடம் வந்திருக்கிறார். அவர்மீது எனக்கு வருத்தமில்லை. கவனமாகப் படிப்பவர்.

இனி நீங்கள் கேட்கலாம்.

ஆம். மருத்துவமனை ஆவணத்தில் இருப்பது சரி. இரண்டு ஆண்டுகளுக்கு முன் நானும் பரிசோதனை செய்துகொண்டேன். என் சிறுநீரகம் அக்காவுக்குப் பொருந்தியது. ஒன்றைக் கொடுத்துவிட்டு இன்னொன்றோடு நான் நலமாக இருக்கலாம் என்று மருத்துவர் சொன்னார். பொருந்தவில்லை என்று அக்காவிடம் சொன்னேன். அவள்தான் எனக்கு ஆறுதல் சொன்னாள்: “விடுடி. உன் கிட்னி உன்ன மாதிரியே கறாரா இருக்கும். என் ஒடம்புல வந்து நிக்குமா?” சொல்லிவிட்டு நெடுநேரம் சிரித்தாள்.

அதை ஏன் வகுப்பில் சொல்லவில்லை என்கிறீர்கள். முடிவை மாற்றாத தகவலைச் சேர்ப்பது வகுப்பின் நேரத்தை வீணாக்குவது. முதல் நாளே இதை மாணவர்களுக்குச் சொல்லிவிடுவேன். மாற்றுப் பாகம் உரிமையாளரிடமே இருந்தது என்று தெரிந்திருந்தாலும் அவர்கள் அதே முடிவைத்தான் எடுத்திருப்பார்கள். அதில் எனக்கு ஐயமே இல்லை. அதனால்தான் கேட்டுப் பார்க்கவில்லை.