சத்தம் வர்றதுக்குள்ள

இல்லண்ணா, குப்பம் ஆஸ்பத்திரிக்கு இல்ல, குவாரிக்கு. ஏரிக்கரை ரோட்ல போங்க. எங்க காலேஜ் பசங்க அங்க இருக்காங்க. ஆட்டோ இதுக்குமேல வேகமா போவாதா? சரே, போங்க.

டிகிரி காலேஜ்ல பிசிக்ஸ் எடுக்கறேன். நான், ருக்மணி மேடம், நாகபூஷணம் சார், மூணு பேரும் சேந்துதான் பாடம் தயார் பண்ணுவோம். ஒருத்தர் நடத்துவாங்க, மத்தவங்க பின்னால உக்காந்துகினு பசங்க மூஞ்சியவே பாப்போம். எங்க புரியலையோ அத அடுத்த வருசம் திருத்திடுவோம். ஒரு சண்டை வந்ததில்ல, நம்புவீங்களா?

சத்தத்தோட வேகம்னு ஒரு பாடம். வீட்ல தமிழு, தெருவுல தெலுங்கு, புக்குல இங்கிலீஷ்னா தூங்காம என்ன பண்ணுவாங்க? அதான் குவாரில வெடி வைக்கறப்போ ஏரிக்கரையில நிறுத்தினோம். மொதல்ல பாறையில தூசி தெரியும், சத்தம் பின்னால வரும். நடுவுல எத்தினி செகண்டுன்னு எண்ணணும். தூரம் தெரிஞ்சா வேகம் வந்துடும். அப்படியே வாயப் பொளந்துட்டாங்க.

ஆனா போன்ல விடையப் பாத்துட்டாங்க. அதனால போனையெல்லாம் வாங்கிடலாம், நம்மளுதையும் சேத்துன்னார் சார். தூரத்த அவங்களே டேப் புடிச்சு அளக்கட்டும்னாங்க மேடம். நல்ல யோசனைதானே? பாறை அடியிலேந்து கரை வரைக்கும். இந்த வருசந்தான் மொத தபா. வெடி எப்பவும் மத்தியான சாப்பாட்டுக்கு அப்பறந்தான், அதனால காலையிலயே ரெண்டு பேரும் கூட்டிகினு போயிட்டாங்க. எனக்குப் பரீட்சை டூட்டி.

வெடிக்கு முன்னாடி சங்கா? ஊதுவாங்கண்ணா, ஊதாம இருப்பாங்களா. போன வருசம் சங்கு கேட்டதும் பசங்க கத்திகினு ஓடி, தூசியவே பாக்கல. அதனால, ஊதினா நின்ன எடத்துலயே அசையாம நின்னு பாறையப் பாருங்கன்னு சேத்தோம். எங்க மூணு பேருக்கும் ரொம்பப் புடிச்ச திருத்தம் அது.

இந்தப் பையா? பயப்படாதீங்க, அவங்க போனுங்கதான் அடிச்சுகினு இருக்குது. எல்லாருதும் எங்கிட்டதான்.

குவாரி மேனேஜர் நல்ல மனுசன். இப்போதான் கூப்பிட்டார். இன்னிக்கு வெடி முன்னாடியே வெக்கறோம் மேடம், பசங்கள சீக்கிரம் கரைக்கு அனுப்புங்கன்னார். அவங்க பாறை அடியில நிக்கறாங்கன்னு நான் சொல்றதுக்குள்ள போனை வெச்சுட்டார். திரும்பக் கூப்பிட்டா எடுக்கல. வெடி மருந்துகிட்ட போன் எடுத்துகினு போகக்கூடாதாம்.

அதோ கரை. நிறுத்தாதீங்க, உள்ள போங்க.

அண்ணா, பாறையில தூசி. சத்தம் இன்னும் வரல.

ஒண்ணு. ரெண்டு.