கழிக்க வேண்டிய கதிர் நான்தான்

அளவற்ற அருளாளனுக்கே புகழனைத்தும்! அவைக்கு அழகு சேர்த்து அமர்ந்திருக்கும் அன்புத் தலைவர் அவர்களே! அறிவிலும் அடக்கத்திலும் சிறந்த ஆலிம்களே! தறிகளுக்கு ஓய்வு கொடுத்துவிட்டு மண்டபம் நிறைய வந்திருக்கும் மருதமுனை நெசவாளப் பெருமக்களே! வலையை வெயிலில் காயவிட்டுக் கல்முனைக்குடியிலிருந்து வந்திருக்கும் கடலோடிச் சகோதரர்களே! என் பேச்சைவிட என் பிழையைக் கேட்கவே ஆவலாயிருக்கும் தாய்மார்களே! அனைவருக்கும் என் ஸலாம்.

பாராட்டு சுல்பிகாவுக்கு. பேச்சோ இந்தக் காலிதீனுக்கு! கள்ளன் கையில் வீட்டுப் பூட்டின் திறப்பைக் கொடுத்துவிட்டீர்கள்.

யார் இந்தச் சுல்பிகா? நம் எல்லோருக்கும் அண்ணன் முறையான நெசவாளர் ஸைனுலாப்தீன் காக்காவின் மகள். மூளையைக் கமெராவால் எடுக்கும் படங்களில் வரும் பிழையைத் திருத்துவது எப்படி என்று இங்கிலாந்திலே ஆராய்கிறவள். விடுமுறையில் வந்தவள் வீட்டிலே சிரித்துக்கொண்டு சொன்னாள்: "கொம்பியூட்டர் பத்து லட்சம் தரம் தாயம் உருட்டும். நான் பாத்துக்கிட்டு இருப்பன்." அவ்வளவுதான்! அந்தப் பேச்சு வேலி கடந்தது. சலூனில் முட்டியது, தாயம் சீட்டாயிற்று. தேநீர்க்கடையில் முட்டியது, சீட்டுக்குப் பந்தயம் வந்தது. கடைசியில் கல்முனைச் சந்தையில் என் துணிக்கடைக்குள் வந்து விழுந்தது. விழுந்ததை விசாரித்தேனா? இல்லை! ஆராய்ந்தேனா? அதுவும் இல்லை! அஸர் தொழுகை முடிந்ததும் காக்காவின் கையைப் பிடித்து, "ஒங்கட மகள் அங்க சூதாடுறாவாம்" என்று காதோடு சொன்னேன். அன்றைக்கே அவர் மகளின் பாஸ்போர்ட்டை அலுமாரியில் வைத்துப் பூட்டினார். வருகிற செவ்வாய்க்கிழமை விமானம். படிப்பு முடிய இன்னும் ஒரே வருடம்.

மறுநாள் சுல்பிகா உம்மாவோடு என் கடைக்கு வந்தாள். அழவில்லை, அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

"சாச்சா, நான் சூதாடினத ஆரு கண்ட?"

"ஊரே கதைக்குது புள்ள."

துணி சுற்றும் தாளை இழுத்து, அதில் ஒரு தலையை வரைந்தாள். நோயாளிக்குக் கொஞ்சம் மருந்து ஏற்றுவார்களாம். அது இரத்தத்தோடு மூளைக்குள் போய்க் கதிர் வீசுமாம். நேரே வருகிற கதிர் கமெராவுக்கு உண்மை சொல்லும். தலைக்குள்ளேயே முட்டித் திசைமாறி வருகிற கதிர் என்ன செய்யும்? பிறந்த இடத்தை மறைத்து வேறோர் இடத்தைக் காட்டும்! இரத்தம் ஓடாத இடமும் ஓடுவதுபோல் தெரியும். வைத்தியர் ஏமாந்தால் நோயாளியின் கதி என்ன? ஆகவே இவள் கணக்காலேயே ஒரு தலை செய்கிறாள். அதற்குள் ஒரு கதிர் எங்கே பிறக்கும், எங்கே முட்டும் என்பதைத் தாயம் உருட்டுவதுபோல் கொம்பியூட்டர் தீர்மானிக்கும். அந்தத் தலையில் ஒவ்வொரு கதிரும் பிறந்த இடம் இவளுக்குத் தெரியும். எவ்வளவு பங்கு பொய் சொல்கிறது என்று கண்டு, நிஜப் படத்திலிருந்து அந்தப் பங்கைக் கழிக்கிறாள். இது சூதா? சொல்லுங்கள் சபையோரே, இது சூதா?

என்ன, பின்னால் ஒரு குரல்? எனக்கு இப்போதுதான் விளங்கியதா என்றா? ஓம் தம்பி, இப்பதான்!

அந்தத் தாளிலே கோணல்மாணலாக முட்டி வந்த கோட்டைப் பார்த்தேன். சலூனில் முட்டி, தேநீர்க்கடையில் முட்டி, ஒரு வாப்பாவின் காதிலே போய் விழுந்த கோடு. அது நான்! எனக்கு வெட்கமாக இருந்தது.

ஸைனுலாப்தீன் காக்கா! காதோடு சொன்னதை மைக்கிலே திருப்பி எடுக்கிறன். ஒங்கட மகள் சூதாடல்ல. முகந்தெரியாத மனிசர்ர தலைக்குள்ள உண்மையைத் தேடுறா. என்னை மன்னியுங்க. அந்தப் பாஸ்போர்ட்டக் குடுங்க.

எழும்புகிறார்... என்ன காக்கா? ஆ! கேட்டீர்களா? "அது இப்ப என்ட சட்டைப்பைக்குள்ளதான் இரிக்கி. இத நீ ஊரறியச் சொல்லுறயா எண்டு பாத்துக்கிட்டு இருந்தன். போதும், இறங்கு. மகள் கதைக்கட்டும்!"

இறங்குகிறேன் காக்கா. பொறுத்துக் கேட்ட தலைவருக்கும் தாய்மாருக்கும் என் நன்றி. இவ்வளவு நேரம் கேட்டதிலிருந்து காலிதீனைக் கழித்துவிடுங்கள். மிச்சம் நிற்பவள் சுல்பிகா. வா புள்ள, வந்து கதை. வஸ்ஸலாம்!